பிள்ளைங்க, பெரியவங்களோட கிரீட் தீவுக்கு கடற்கரை லீவு: எதை முதல்ல முடிக்கணும், எங்க தடுமாறுவீங்க, முழு வழிகாட்டி

ஜெர்மனியில இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்கிற சம்மர்லதான் மத்தியதரைக்கடல் பக்கம் போகணும்னு கிளம்புவாங்க. முதல் வேலையா சீப்பான ஃபிளைட் எங்க இருக்குன்னு தேடி டிக்கெட்டைப் போட்டுடுவாங்க, அப்புறம் ரூம், அப்புறம் கார், அங்க போய் இறங்குன பிறகுதான் பக்கத்துல எந்த பீச்சுல பிள்ளைங்களை இறக்கலாம்னு யோசனையே வரும். இந்த வரிசை தலைகீழ். வீட்டுல இருக்கிற சின்னக் குழந்தையும் வயசான பெரியவங்களும் எந்தத் தண்ணியில பயமில்லாம நிக்க முடியுமோ அந்தத் தண்ணியை முதல்ல முடிவு பண்ணணும், மத்த எல்லாம் அதுக்குப் பின்னாடி வரணும்.

நான் இங்க கிரீஸ்ல கிரீட் தீவை, அதுலயும் மேற்குப் பக்கம் ஹானியா சுத்துவட்டாரத்தை வச்சு சொல்றேன். ஸ்பெயினோ இத்தாலியோ போனாலும் வரிசை இதேதான், ஊர் பேருதான் மாறும்.

1. மாசத்தை முடிவு பண்ணுங்க

கடல் தண்ணி ஜூன்ல 22, 23 டிகிரி இருக்கும், ஆகஸ்ட்ல 26 பக்கம் போகும், செப்டம்பர்லயும் கிட்டத்தட்ட அதே சூடு நிக்கும், அக்டோபர் ஆரம்பத்துல கூட பிள்ளைங்க இறங்குற மாதிரிதான் இருக்கும். மே மாசம் 20 தான். ஜெர்மன்காரங்க அதுல நீந்துவாங்க, நம்ம அம்மா அப்பா காலை வச்ச உடனே எடுத்துடுவாங்க.

ஜூலை ஆகஸ்ட்ல வெயில், கூட்டம், விலை மூணுமே உச்சம், அதோட மெல்டெமின்னு ஒரு வடக்குக் காத்து வேற (இதைப் பத்தி கீழ நிறைய சொல்றேன்). ஆகஸ்ட் 15 கிரீஸ்ல மாதா பண்டிகை, அந்த வாரம் உள்ளூர் ஜனங்களும் லீவுல இருப்பாங்க, ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் விலையைக் கேக்க முடியாது.

பிள்ளைங்க ஸ்கூல் போற வயசு இல்லேன்னா யோசிக்கவே வேண்டாம், செப்டம்பர் நடு. ஸ்கூல் போறாங்கன்னா பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க்ல இருக்கிறவங்களுக்கு சம்மர் லீவு செப்டம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும் நீளும், அந்தக் கடைசி பத்து நாளைப் பிடிங்க. மத்த மாநிலத்துக்காரங்க அக்டோபர் லீவு சீக்கிரம் வர்ற வருஷமா பாருங்க. லீவு ஆரம்பிக்க ரெண்டு நாள் முன்னாடியே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அதுக்கு அபராதம் உண்டு, பவேரியா பக்கம் ஏர்போர்ட்லயே போலீஸ் கேக்கிறதும் நடக்குது.

2. பெரியவங்களோட பேப்பரைப் பாருங்க

இதை டிக்கெட்டுக்கு முன்னாடி பண்ணச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவுலயே (ஐரோப்பாவுல நிறைய நாட்டுக்குப் பொதுவான விசா அது) அப்பா அம்மா கிரீஸுக்கு வரலாம், தனி விசா வேண்டாம். ஆனா விசா ஸ்டிக்கர்ல எத்தனை நாள் போட்டிருக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு ரெண்டையும் எண்ணிப் பாருங்க. 180 நாளுக்குள்ள 90 நாள்ங்கிறதுதான் மேல்வரம்பு, சில பேருக்கு அதை விடக் கம்மியாத்தான் கொடுத்திருப்பாங்க, தேதி இன்னும் பாக்கி இருக்கேன்னு நாளை எண்ணாம விட்டுடுவாங்க.

அடுத்தது பேரு. நம்ம ஊர் பாஸ்போர்ட்ல நிறைய பெரியவங்களுக்கு சர்நேம் இடம் காலியா இருக்கும், இல்லேன்னா வெறும் இனிஷியல் இருக்கும். டிக்கெட் போடுற பக்கம் சர்நேம் இல்லாம மேல போக விடாது, உடனே மகன் பேரையோ ஊர் பேரையோ போட்டுடுறாங்க. அது கேட்ல பிரச்சனை ஆகும். ஒவ்வொரு ஏர்லைனும் இதுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

இன்ஷூரன்ஸ்: விசாவுக்காக எடுத்த பாலிசி முழு ஷெங்கன் பகுதிக்கும் செல்லுமா, சுகர் பிரஷர் மாதிரி ஏற்கனவே இருக்கிற வியாதியை எப்படிப் பாக்கிறாங்கன்னு படிங்க. உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஜெர்மன் பப்ளிக் இன்ஷூரன்ஸ் கார்டோட பின்பக்கமே ஐரோப்பிய ஹெல்த் கார்டுதான், அது கிரீஸ் அரசு ஆஸ்பத்திரியில செல்லும். பிரைவேட் கிளினிக்குக்கும், திரும்பக் கூட்டிட்டு வர்ற செலவுக்கும் அது வராது, அதுக்குத் தனியா ஒரு டிராவல் பாலிசி எடுத்துடுங்க. ஷெங்கனுக்குள்ள பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்கன்னு வீட்டுல வச்சுட்டு வராதீங்க, எல்லாரோட பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கையில இருக்கணும்.

3. காத்தைப் பாத்து கடற்கரையைத் தேர்ந்தெடுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிங்க.

கிரீட் கிழக்கு மேற்கா 260 கிலோமீட்டர் நீளம். வடக்குக் கரை முழுக்க ஏஜியன் கடலைப் பாத்து திறந்து கிடக்கு, தெற்குக் கரை லிபியக் கடல். நீளமான மணல் பீச், ஹோட்டல், கடைங்க எல்லாம் பெரும்பாலும் வடக்குலதான். ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமி வடக்கேருந்து அடிக்கும்போது அந்த வடக்குக் கரையிலதான் அலை நேரா வந்து மோதும், ஆரம்பிச்சா மூணு நாலு நாள் விடாம அடிக்கும், காலையில கொஞ்சம் அடங்கி இருக்கும், மதியத்துக்கு மேல வலுக்கும். நீந்தத் தெரிஞ்ச பெரிய ஆளுங்களுக்குப் பிரச்சனை இல்லை, நாலு வயசுக் குழந்தைக்கு இடுப்பளவு அலையே பெருசு.

அப்போ தெற்குக்குப் போயிடலாமேன்னு தோணும். தெற்குல அலை கம்மிதான், ஆனா அதே காத்து மலையைத் தாண்டி இறங்கி கரையிலேருந்து கடலைப் பாத்து அடிக்கும். தண்ணி தட்டையா அமைதியாத் தெரியும், அதுல மிதவையில உக்காந்த குழந்தை நிமிஷத்துல வெளிய போயிடும். இது அலையை விட ஆபத்து, ஏன்னா பாக்கிறவங்களுக்கு ஆபத்தே தெரியாது.

அதனால வடக்குலயே, காத்துக்கு மறைவான குடாவா பாத்து எடுங்க. என் தேர்வு இதுதான்:

அல்மிரிடா: ஹானியாவுக்குக் கிழக்கே, ஆழமில்லாத சின்ன மணல் குடா, கரையை ஒட்டியே சாப்பாட்டுக் கடைங்க, சமதரையில நடக்கலாம். முட்டி வலி இருக்கிற பெரியவங்களோட போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

மராத்தி: அக்ரோதிரி தீபகற்பத்தோட தென்கிழக்குல இருக்கு, வடக்குக் காத்து அடிக்கிற நாள்லயும் தண்ணி அமைதியா இருக்கும். சின்ன பீச், சீக்கிரம் நிரம்பிடும்.

நேயா ஹோரா: ஹானியா டவுனுக்குள்ளயே இருக்கிற மணல் பீச். கார் ஓட்ட விருப்பமில்லாத குடும்பத்துக்கு இதை விட்டா வேற இல்லை.

அகியா மரினா, பிளாட்டனியாஸ்: வசதி எல்லாம் உண்டு, பஸ் அடிக்கடி வரும், காத்து நாள்ல மட்டும் அலை உண்டு. ஜூன், செப்டம்பர்னா தாராளமா போகலாம்.

கியோர்கியோபோலி பீச் ரொம்ப நீளம், போட்டோவுல அருமையா இருக்கும், ஆனா காத்து இருக்கிற நாள்ல அங்க தண்ணியோட இழுவை ஜாஸ்தி. சின்னப் பிள்ளைங்களோட அதை மெயின் பீச்சா வைக்காதீங்க. தெற்குல பாலியோஹோரா ஒரு நல்ல ஊரு, ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு பக்கம் மணல் பீச், இன்னொரு பக்கம் கூழாங்கல் பீச், காத்து எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் போயிடுவாங்க. ரெண்டாவது தடவை வர்றவங்களுக்கு அது சரி.

4. ரூமும் ஃபிளைட்டும் ஒரே நாள்ல

ஃபிளைட் மட்டும் முதல்ல போட்டா ரூம் கிடைக்காம மாட்டுவீங்க, ரூம் மட்டும் போட்டா டிக்கெட் விலை ஏறியிருக்கும். முதல்ல இலவசமா கேன்சல் பண்ற மாதிரி ரூமைப் பிடிங்க, அதே நாள்ல ஃபிளைட்டைப் போடுங்க, அப்புறம் நிதானமா ரூமை மாத்திக்கலாம்.

ஏர்போர்ட்ல தப்பு பண்ணாதீங்க. தீவுல ஹெராக்லியோன், ஹானியான்னு ரெண்டு பெரிய ஏர்போர்ட் இருக்கு, நடுவுல 140 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்கு மேல டிரைவ். முப்பது யூரோ மிச்சம்னு ஹெராக்லியோனுக்கு டிக்கெட் போட்டுட்டு மேற்குல ரூம் எடுத்தவங்க பெட்ரோல்லயும் பிள்ளைங்களோட வாந்தியிலயும் அதை விட அதிகமா இழந்துருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு இறங்குற ஃபிளைட்டும் வேண்டாம், தெரியாத ரோட்ல இருட்டுல ஓட்டி, ரூம் சாவியைத் தேடி, மறுநாள் முழுக்க எல்லாரும் தூங்கி வழிவாங்க.

ரூம் பாக்கும்போது கடலுக்கு இத்தனை மீட்டர்னு போட்டிருக்கிறதை நம்பாம மேப்பைத் திறந்து நடக்கிற வழியைப் பாருங்க. அகியா மரினா, பிளாட்டனியாஸ்ல பழைய மெயின் ரோடு ஊர் நடுவுல ஓடுது, அதுக்குத் தெற்குல ரூம்னா பிள்ளைங்களையும் பையையும் தூக்கிட்டு தினம் நாலு தடவை அந்த ரோட்டைத் தாண்டணும். மேட்டு மேல இருக்கிற வீட்டுல வியூ நல்லாருக்கும், மதிய வெயில்ல ஏற முடியாது.

ஹோஸ்ட்கிட்ட கேக்க வேண்டியது: கிரவுண்ட் ஃப்ளோரா, லிஃப்ட் இருக்கா, ஏசிக்குத் தனிக் காசா, கிச்சன்ல அடுப்பு எத்தனை, வாஷிங் மெஷின் உண்டா. அதோட புக்கிங் விலையில சேராம அங்க போய் கட்டுற ஒரு வரி இருக்கு. 2025 கணக்குப்படி ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும் ஒரு ராத்திரிக்கு மூணு ஸ்டார் ஹோட்டல்ல 5 யூரோ, நாலு ஸ்டார்ல 10, அஞ்சு ஸ்டார்ல 15, வாடகை அபார்ட்மென்ட்னா 8. பத்து நாளுக்கு நாலு ஸ்டார்ல ரெண்டு ரூம் எடுத்தா அதுவே 200 யூரோ ஆயிடுது, பட்ஜெட்ல முன்னாடியே எழுதிடுங்க.

5. கார்

ஆட்டோமேட்டிக் கார் அங்க கம்மி, ஏழு சீட் வண்டி இன்னும் கம்மி, அதனால ரூம் போட்ட வாரமே காரையும் போட்டுடுங்க. சைல்ட் சீட் எத்தனை, பிள்ளைங்களுக்கு எத்தனை கிலோன்னு புக்கிங்லயே எழுதுங்க, கவுன்ட்டர்ல போய்க் கேட்டா இருக்கிறதைத்தான் கொடுப்பாங்க. உங்க சொந்த சீட்டையே எடுத்துட்டு வர்றது இன்னும் நல்லது, நிறைய ஏர்லைன்ல அதுக்குக் காசு வாங்க மாட்டாங்க.

டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும், மனைவி கார்டு, டெபிட் கார்டெல்லாம் நிறைய இடத்துல எடுத்துக்க மாட்டாங்க. இன்ஷூரன்ஸ்ல டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் இதெல்லாம் சேருதான்னு பாருங்க. மண் ரோட்ல போனா பெரும்பாலும் எந்த இன்ஷூரன்ஸும் செல்லாது. வண்டியை எடுக்கும்போதே சுத்தி ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கோங்க.

வடக்கு மெயின் ரோட்ல உள்ளூர்க்காரங்க வலது ஓரக் கோட்டைத் தாண்டி பாதி வண்டியை ஒதுக்கி ஓட்டிட்டுப் போவாங்க, பின்னாடி வர்றவங்க தாண்டறதுக்காக. முதல் நாள் பாக்கிறப்போ பதட்டமா இருக்கும். உங்க வேகத்துலயே போங்க, ஓரம் காலியா வளைவு இல்லாம இருந்தா மட்டும் ஒதுங்கிக் கொடுங்க.

6. பெட்டியில என்ன போகணும்

எல்லாருக்கும் வாட்டர் ஷூ. கல்லு இருக்கிற இடத்துல கடல் முள்ளெலி ஒட்டிக்கிட்டு இருக்கும், மிதிச்சா முள்ளு உள்ளயே உடைஞ்சு நிக்கும், லீவுல பாதி போயிடும். பிள்ளைங்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டை, கலர் ஆரஞ்சு, ரோஸ் மாதிரி கண்ணுக்குத் தெரியுற மாதிரி எடுங்க, நீலத்துல வாங்கினா தண்ணிக்குள்ள ஆளே தெரியாது. அம்மாவுக்கு ஒரு பாலியஸ்டர் லெகிங்ஸும் டாப்பும் வாங்கிக் கொடுங்க. காட்டன் சேலையும் சுடிதாரும் நனைஞ்சா கனத்து காலைச் சுத்தும், சின்ன அலைக்கே தடுமாறுவாங்க, அந்தப் பயத்துல அப்புறம் தண்ணிப் பக்கமே வர மாட்டாங்க.

நமக்குத் தோல் கருகாது, சன்ஸ்கிரீன் எதுக்குன்னு கேப்பாங்க. நம்ம தோலும் வெந்து உரியும், ஜூலையில அங்க வெயில் அவ்வளவு கடுமை. எஸ்பிஎஃப் 50, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணியிலேருந்து வந்த உடனே இன்னொரு தடவை.

பெரியவங்களோட மாத்திரை மொத்தமும் ஹேண்ட் பேக்ல, டாக்டர் சீட்டோட. இன்சுலினை மூடி வச்ச கார்ல ஒரு மணி நேரம் கூட விடாதீங்க.

7. ஒரு நாளை எப்படிப் பிரிக்கிறது

காலையில எட்டரைக்கெல்லாம் தண்ணியில இருங்க. காத்து கிளம்பியிருக்காது, வெயில் சாஞ்சு இருக்கும், பார்க்கிங் கிடைக்கும். பதினொன்றரைக்குக் கிளம்பி ரூமுக்கு வந்துடுங்க, குளிச்சு சாப்பிட்டு எல்லாரும் தூங்குங்க, திரும்ப அஞ்சு மணிக்கு மேல இறங்குங்க. காசு கொடுத்து வந்துட்டு மதியம் தூங்குறதான்னு கணக்குப் பாக்கிறவங்க மூணாவது நாள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோட உக்காந்திருப்பாங்க. உள்ளூர் ஜனங்களே மதியம் வெளிய வர்றதில்லை.

சன்பெட் எடுக்கிறதா இருந்தா உக்காருறதுக்கு முன்னாடி விலையைக் கேளுங்க, முன்வரிசைக்கு ஒரு விலை பின்வரிசைக்கு ஒரு விலை இருக்கும். எல்லாருக்கும் எடுக்கணும்னு இல்லை, பெரியவங்களுக்கு ஒரு ஜோடி எடுத்துட்டு பக்கத்துல காலியா இருக்கிற மணல்ல நீங்க துண்டை விரிச்சுக்கலாம். மணல்ல கம்பிக் கூண்டு வச்சிருந்தா அது கடலாமை முட்டையிட்ட இடம், ஹானியா, ரெதிம்னோ பீச்சுங்கள்ல சம்மர் முழுக்கப் பாக்கலாம். அது பக்கத்துல குடை நட்டா முட்டை உடைஞ்சுடும், பிள்ளைங்களுக்குக் காட்டிட்டு தள்ளி உக்காருங்க.

8. தண்ணிக்குள்ள இறங்குன பிறகு

சென்னை மெரினாவுல அலையைப் பாத்தாலே நம்ம ஆளுங்க காலை மட்டும்தான் நனைப்பாங்க. இங்க காத்தில்லாத நாள்ல அலையும் இல்லை, ஓதமும் அநேகமா இல்லை, தண்ணி கண்ணாடியா இருக்கும், அதைப் பாத்து நீச்சல் தெரியாத அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிட்டே நடந்து போயிடுறாங்க. சில பீச்சுல ரெண்டு அடி எடுத்து வச்சா தரை சட்டுனு இறங்கிடும். அதனால நீந்தத் தெரிஞ்ச ஒருத்தர் முதல்ல போய் எங்க வரைக்கும் இடுப்பளவுன்னு பாத்துட்டு வந்து, அந்த எல்லையை எல்லாருக்கும் காட்டிடணும்.

அடுத்தது டூட்டி. ஆறு பெரியவங்க கரையில உக்காந்திருந்தா யாரும் பாக்கலைன்னு அர்த்தம், ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பாக்கிறார்னு நினைச்சுப்பாங்க. அரை மணிக்கு ஒருத்தர்னு பேரைச் சொல்லி ஒப்படைங்க, அவர் கையில போன் இருக்கக் கூடாது. மூழ்குற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாம அமுங்கிடும். சின்னதுங்க பக்கத்துல கையெட்டுற தூரத்துல எப்பவும் ஒருத்தர் தண்ணிக்குள்ளயே நிக்கணும்.

காத்தடிச்ச ஃப்ளமிங்கோ மிதவை, வளையம் இதெல்லாம் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாமான் கிடையாது. காத்து கடலைப் பாத்து அடிக்கிற நாள்ல அதை வெளியவே எடுக்காதீங்க. பந்தோ மிதவையோ போயிடுச்சுன்னா போகட்டும், யாரும் துரத்தி நீந்தக் கூடாது. செவப்புக் கொடி பறந்தா இறங்கக் கூடாது, அந்த நாள் மராத்தி மாதிரி மறைவான இடத்துக்குப் போங்க. இழுவையில மாட்டினா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாம பக்கவாட்டுல நீந்தி வெளிய வந்து அப்புறம் கரைக்குத் திரும்பணும்.

ஜெல்லிமீன் பட்டா கடல் தண்ணியாலயே கழுவுங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, தேய்க்காதீங்க, அது எரிச்சலைக் கூட்டும். மூச்சு வாங்குச்சு, முகம் வீங்குச்சுன்னா 112க்கு போன் பண்ணுங்க, ஆம்புலன்ஸுக்கு மட்டும்னா 166.

9. தூரத்து பீச் ரெண்டு, அதுக்கு மேல வேண்டாம்

எலாஃபோனிசி ஹானியாவுலேருந்து 75 கிலோமீட்டர், வளைஞ்சு வளைஞ்சு ஒன்றரை மணி நேரம். கணுக்கால் அளவு தண்ணி வெகுதூரம் இருக்கும், குழந்தைங்களுக்கு அதை விட நல்ல இடம் தீவுல இல்லை. காலையில ஒன்பதரைக்குள்ள போய்ச் சேரணும், அதுக்கு மேல டூர் பஸ்ஸெல்லாம் வந்து இறங்கிடும். ரோஸ் கலர் மணலை பாட்டில்ல அள்ளாதீங்க, தடை இருக்கு.

பாலோஸுக்கு கார்ல போனா கடைசி 8 கிலோமீட்டர் பக்கம் மண் ரோடு, அப்புறம் இறங்கி நடக்கணும், திரும்பும்போது அந்த மேட்டை வெயில்ல ஏறணும். பெரியவங்களோட அது முடியாது. கிஸ்ஸாமோஸ் துறைமுகத்துலேருந்து படகு போகுது, அதுல போங்க, ஆனா காத்து அதிகம்னா படகை நிறுத்திடுவாங்க, அதனால லீவோட கடைசி நாளுக்கு இதை வைக்காதீங்க.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுறவங்க பயப்பட வேண்டாம். டாகோஸ் (காஞ்ச பார்லி ரொட்டி மேல தக்காளி, சீஸ்), கிகாந்தேஸ்ங்கிற பெரிய வெள்ளை பீன்ஸ், ப்ரியாம்னு காய்கறியை ஆலிவ் ஆயில்ல வேக வச்சது, ஹானியா பக்கம் பூரேக்கின்னு உருளையும் சுரைக்காய் மாதிரியான சுக்கினியும் போட்டு சுட்டது, எல்லாம் சாதாரணக் கடையிலயே கிடைக்கும். தக்காளியில சோறு வச்சு சுடுற கெமிஸ்தா பெரியவங்களுக்குப் பிடிக்கும், கறி போட்டதும் உண்டு, கேட்டுட்டு வாங்குங்க.

மதியச் சாப்பாட்டை ரூம்லயே வச்சுக்கோங்க. சின்ன குக்கர், ஒரு டப்பா சாம்பார் பொடி, ஊறுகாய் போதும். அங்க தயிர் ரொம்பக் கெட்டி, கொஞ்சம் பாலும் தண்ணியும் விட்டுக் கரைச்சு சோத்துல பிசைஞ்சா தயிர்சாதம் பிரமாதமா வரும். ஞாயித்துக்கிழமை பெரிய சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கலாம், சனிக்கிழமையே அரிசி, பால், தண்ணி வாங்கிடுங்க.

11. கிளம்புற நாள்

டாய்லெட்டுல பேப்பரைப் போடாம பக்கத்துல இருக்கிற கூடையில போடணும்ங்கிறதை வந்த அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க, சொல்லலைன்னா பைப் அடைச்சு அந்தச் செலவு உங்க தலையில விழும். கடைசிக் குளியலை முதல் நாள் சாயங்காலமே முடிச்சு துணியை ராத்திரி காய வச்சுடுங்க, ஈரத்துணி பெட்டியோட எடையைக் கூட்டும். காருக்கு ஏர்போர்ட் போற வழியில டேங்க்கை நிரப்பி அந்த பில்லை வச்சுக்கோங்க. வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது இன்னொரு வீடியோ எடுங்க, மணலை மட்டும் முன்னாடியே தட்டி விட்டுடுங்க, சில இடத்துல அதுக்கும் கிளீனிங் காசு பிடிப்பாங்க.